பெயர் சொல்லிக் கூப்பிடாத இடம்

குகை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செருப்பு சரியில்லை, ஐயா. பாறை வழுக்கும், முழங்கால் வரை தண்ணீர் இருக்கும் என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறோம். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, குதிகால் உயர்ந்த செருப்போடு உள்ளே வருவார்கள். உடலை எடுக்க வந்த அன்று நீங்கள் போட்டிருந்த பூட்சும் குகைக்கு ஆகாது. நீங்கள் விழப் பார்த்தபோது நான்தான் கையைப் பிடித்தேன். நன்றி கூடச் சொன்னீர்கள்.

தாவிசாக் இறந்ததற்கு என் கவனக்குறைவு காரணம் என்று நீங்கள் முடிவு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் கூப்பிடாமலே காவல் நிலையத்துக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் என் குழுவில் வந்த ஒருவருக்குக்கூடக் கால் சுளுக்கியதில்லை. குகைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மலைக்கு அப்பால் மழையா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என்னைப் போய்க் கவனக்குறைவானவன் என்பது அபாண்டம்.

எங்கள் வேலை இப்படி. ஒரு குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள். முன்னால் போகிறவன் பேசுவான். பின்னால் வருகிறவனை வால் என்போம். வால் பேசக் கூடாது. ஆட்கள் சிதறாமல் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதும் வாலின் வேலை. வெகு காலம் நான்தான் முன்னால் போனேன். மேலே தொங்குகிற கல்லைக் காட்டி, இது கல், சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி உருவானது, கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் வளர்வது நின்றுவிடும், தொடாதீர்கள் என்று சொல்வேன். சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. அதற்குமேல் கேட்கிறவர்கள் கல்லைப் பார்க்க வந்தவர்கள் இல்லை.

தாவிசாக் தாய்லாந்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவன். பேச்சுக்காரன். மேலாளர் அவனை முன்னால் போட்டார், என்னை வாலாக்கினார். சொட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தொங்குகற்களுக்குக் கீழே நின்று, "இது எங்க மாமியாரோட பல்லு. பேச ஆரம்பிச்சா எச்சில் தெறிக்கும், தள்ளி நில்லுங்க" என்பான். சிரிப்பார்கள். தலைநகர் வியஞ்சானில் வங்கி நடத்துகிற, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கிற ஆட்கள், மாமியார் பல்லுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

பிறகு விளக்கைப் பின்னால் திருப்பி என் முகத்தில் அடிப்பான். "இதோ வர்றாரே எங்க அண்ணன், இவரும் தொங்குகல்தான். வருஷத்துக்கு ஒரு மயிரிழைதான் சிரிப்பாரு. தொட்டுடாதீங்க, வளர்றது நின்னுடும்."

எல்லா நாளும், எல்லாக் குழுவிடமும். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தமில்லை. அதற்காக ஒருவனை யாராவது ஏதாவது செய்வார்களா? நான் அவ்வளவு அற்பன் இல்லை.

என் குறை வேறு. உள் அறையில் வெள்ளைத் திரை போல ஒரு கல் தொங்குகிறது, நீங்கள் பார்த்தீர்கள். அதைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். தாவிசாக் எல்லோரையும் தட்ட விடுவான். கை பட்டுப் பட்டு அதன் அடிப்பக்கம் அடுப்பங்கரைச் சுவராகிவிட்டது. நான் மேலாளரிடம் சொன்னேன். "கல்லுதான, ஓடியா போயிடும்? சனங்க சந்தோஷமா இருந்தா சரி" என்றார். அந்தக் குகையில் கல்லுக்காகப் பேச என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

தாவிசாக் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடமாட்டான். எங்கள் குகைக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குகையில் குடியிருக்கிற ஆவி, குகைக்காரர் என்போம், கேட்டுக்கொண்டிருப்பார். பெயர் தெரிந்துவிட்டால் பிறகு அவரே கூப்பிடுவார், தெரிந்தவர்கள் குரலில். உள்ளேயிருந்து உங்கள் பெயர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. பதில் சொன்னவர்கள் போய்விடுவார்கள். அதனால் உள்ளே எல்லோரும் சிவப்புச் சட்டை, தாடி, குட்டைத் தம்பி. நுழையும்போது ஒட்டரிசிச் சோற்றை உருட்டி வாசல் பாறையில் வைத்துவிட்டு, இதை அவன் ஒருமுறைக்கு இருமுறை சொல்வான். சொல்லும்போது சிரிக்கமாட்டான். அந்த மரியாதை அவனிடம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்று வந்தது வங்கி ஊழியர்களின் குழு. மாமியார் பல் ஆயிற்று, தொங்குகல் அண்ணனும் ஆயிற்று. அதில் ஒரு பெண் என் தோளில் விரலை வைத்து, "ஐயோ, தொட்டுட்டேன். இனிமே வளரமாட்டாரா?" என்று கேட்டாள். குழு முழுவதும் வரிசையாக வந்து என்னைத் தொட்டது. ஒருவன் கன்னத்தைத் தொட்டான். தாவிசாக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும்தான்.

உள் அறைக்குப் போகவும் வரவும் ஒரே வழி, நாய் நுழைகிற அளவு ஒரு பொந்து. தவழ்ந்துதான் போக வேண்டும். அதன் வாயில் ஓடை ஓடுகிறது. எல்லோரும் பொந்தை விட்டு வெளியே வந்த பிறகு அந்தப் பெண் தன் கறுப்புக் கண்ணாடியை உள்ளேயே வைத்துவிட்டதாகச் சொன்னாள். சூரியன் எட்டாத குகைக்குள் கறுப்புக் கண்ணாடி. தாவிசாக் அதை எடுக்கத் திரும்பக் குனிந்தான்.

"அண்ணே, தண்ணியப் பாத்துக்கங்க" என்றான்.

"போ, நான் இருக்கேன்" என்றேன்.

அவன் கால் மறைந்ததும் ஓடையில் ஒரு பச்சை இலை வந்தது. பின்னால் இன்னும் சில. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. மேலே மழை என்றால் முதலில் இலை வரும், பிறகு நிறம் மாறும், பிறகு தண்ணீர் ஏறும். பொந்துதான் முதலில் மூழ்கும். இலையைப் பார்த்ததும் வால் கல்லோடு கல்லைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் எதையும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவான். தட்டுவதற்கென்றே அங்கே இரண்டு கூழாங்கற்கள் வைத்திருக்கிறோம். நான் கையில் எடுத்துத்தான் இருந்தேன். உள்ளே அவன் திரைக் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டு முனகுவது கேட்டது.

கற்களை இருந்த இடத்திலேயே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

குழுவிடம், அவர் மேல் வழியாக வந்துவிடுவார், நாம் போகலாம் என்றேன். மேல் வழி என்று ஒன்று இல்லை. யாரும் கேட்கவில்லை. மாமியார் பல்லை நம்பியவர்கள் மேல் வழியை நம்பமாட்டார்களா? வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண், "என் கண்ணாடி எப்ப வரும்?" என்று கேட்டாள். வரும் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். தாவிசாக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

வாசலில் தாவிசாக்கின் மனைவி மணிவான் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் பாறையில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து எப்போதும் குளிர்ந்த காற்று வரும், அவள் பாட்டில்களை அங்கே அடுக்கி வைப்பாள். அந்த வெடிப்புக்கு நேர் கீழேதான் உள் அறை. கை நுழையும், ஆள் நுழைய முடியாது. ஆனால் கடப்பாரை கொண்டு இடித்தால் ஒரு ஆள் வெளியே வருகிற அளவுக்கு வாய் அகலும். சுண்ணாம்புக் கல்தானே. ஊரில் கடப்பாரைகள் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். இதை நீங்கள் என்னைக் கேட்கவேயில்லை.

நான் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவு. மழை இங்கேயும் பிடித்துக்கொண்டது. அவள் பாட்டில் எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, உள்ளாற யாரோ கூப்புடுற மாதிரி இருக்கு. இவரு குரல் மாதிரி இருக்கு."

நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வெடிப்பில் காது கொடுத்தேன். தண்ணீர்ச் சத்தம் அதிகம். அவளுக்கு வார்த்தை பிடிபடவில்லை. எனக்குக் காது கூர்மை.

"அவன் மேலாளர் வண்டியில டவுனுக்குப் போயிருக்கான். இது அவன் இல்ல. உன் பேரத்தான் கூப்புடுது. வாயத் தொறக்காத" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நின்றது. நான் மீதியைச் சாப்பிட்டேன்.

தண்ணீர் வடிந்து நாம் உள்ளே போனபோது அவன் வெடிப்புக்குக் கீழே பாறையில் ஏறி, ஒரு கையை மேலே செருகியபடி இருந்தான். கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. வெள்ளைத் திரைக்கு ஒரு சேதமும் இல்லை. நான் போனவுடன் அதைத்தான் பார்த்தேன்.

மணிவானைத் தொந்தரவு செய்யாதீர்கள். தன் பெயரைக் கூப்பிட்டது கணவன்தான் என்றும், பதில் சொல்லாமல் தானே அவனைக் கொன்றுவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாளாம். அவள்மேல் தவறில்லை. வழக்கத்தைக் காத்தாள். நானும் வழக்கத்தைத்தான் காத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குகைக்குள்ளிருந்து பெயர் வந்தால் பதில் இல்லை, அவ்வளவுதான், என்ன தவறு என்று. நேற்று நீங்கள் ஆளனுப்பி ஒன்று கேட்டீர்கள், அவன் அவள் பெயரைத்தான் சொன்னானா என்று. நல்ல கேள்வி. உங்களிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இல்லை, ஐயா. கழுத்துவரை தண்ணீர் வந்த பிறகும் அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. அந்த விதியில் அவன் கடைசிவரை தவறவில்லை. "அண்ணே, அண்ணே" என்றுதான் கூப்பிட்டான். அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊரில் எந்த விதியும் கிடையாது.