மாலை போட்ட மாப்பிள்ளை

ஜெபல் அலி கிடங்கில் இனி வேலை இல்லை என்று மேலாளர் சொன்னதும், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஷார்ஜா பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு, தாடி வளர்த்திருந்தார். போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

“கவுகாத்தி போனா பிரம்மபுத்திரா மீனைச் சாப்பிடாம திரும்பாதீங்கன்னு போட்டிருக்கான்.”

“அதைத்தானே சாமி நானும் சொல்றேன். அடுத்த வாரம் லீவுல பொண்ணு கேட்டு அசாமுக்குப் போற. மாப்பிள்ளைக்கு மீன் வைக்காம விடுவாங்களா? இப்பப் போய் எவனாவது மாலை போடுவானா?”

“அவ அப்பா சம்மதிக்கணும்னுதான் போட்டேன்.”

“அறிவிருக்கா சாமி? வச்ச சோத்தை வேண்டாம்னா அந்த மனுசன் எப்படிச் சம்மதிப்பாரு?”

“ஆத்துக்கு நடுவுல தீவுல ஒரு சிவன் கோயில் இருக்காம். அவரைப் படகுல அங்க கூட்டிட்டுப் போய்ப் பேசலாம்னு...”

“அவரு ஊரை அவருக்கே சுத்திக் காட்டப் போறியா? முதல்ல அவளுக்குப் போனைப் போடு!”

போட்டார். இந்தியில் கொஞ்ச நேரம் கெஞ்சிவிட்டு வைத்தார்.

“மீனுக்கு அவ அப்பாகிட்டப் பேசிக்கிறாளாம். தாடியோட மட்டும் வந்து நிக்காதேங்கிறா.”

“மலைக்குப் போய் மாலையைக் கழட்டாம தாடியை எப்படி எடுப்ப?”

“அதான் தெரியல.”

நண்பர் முன்கம்பியில் தலையை முட்டிக்கொண்டு, “சாமியே சரணம்” என்றார். பக்தியில் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஷார்ஜாவின் முவைலா பகுதியில் ஒரு சலூனில் முடி கூட்டும் வேலை கிடைத்தது. தாடியோடு யார் உள்ளே வந்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன்.