கூடத்தில் ஒரு கடல்

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு முதலில் வேண்டியது பொறுமைதான், ஐயா. பலர் தண்ணீர் ஊற்றிய மறுநாளே மீனை விட்டுவிட்டு, அந்த வாரக் கடைசிக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் புதைக்கிறார்கள். நாங்கள் ஆறு வாரம் காத்திருந்தோம். வெறும் பாறை, தண்ணீர், விளக்கு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டால் என் மனைவி, "இப்பதான் வீடு கட்டி முடிச்சிருக்கோம், குடித்தனக்காரங்க இனிமேதான் வருவாங்க" என்பாள்.

ஸ்டேஷன் வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்களே அந்த எலக்ட்ரீஷியன், அவருக்காகத்தான் வந்தேன். அவர்மேல் தப்பில்லை. அதை விளக்க வேண்டுமானால் தொட்டியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். தரை தாங்குமா என்று பார்த்து, இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல்தான் தொட்டியை ஏற்றினேன். பாறைகளை அடுக்கியது அவள். கட்டைவிரல் அளவு பச்சைப் பவளத் துண்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டியதும் அவள்தான். கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டவள், தானே முங்கப் போகிறவள் மாதிரி மூச்சையும் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன்.

நாலாவது மாதம் அவள் போய்விட்டாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். காலையில் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தவள் சாயங்காலம் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவளுடைய புடவைகள் மடித்த இடத்திலேயே இருந்தன, செருப்பு கழற்றிய இடத்திலேயே இருந்தது. அந்தப் பவளம் மட்டும் வளர்ந்தது. ஒரு வருடத்தில் உள்ளங்கை அளவு, மூன்று வருடத்தில் இரண்டு கை சேர்த்தாலும் அடங்காது. விளக்கு போட்டதும் மெல்ல விரியும். நான் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

அக்கா என்னோடு வந்து தங்கியது அதற்குப் பிறகு. எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்தாள். அக்காவுக்கு அப்போது பதினான்கு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நூல் ஆலைக்குப் போனாள். அங்கே மூச்சோடு உள்ளே போன பஞ்சுதான் கடைசியில் நுரையீரலைத் தின்றது. நான் படித்த படிப்பெல்லாம் அந்தப் பஞ்சில் வந்தது. இதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை மூக்கில் குழாய் வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருந்தது. அக்கா அதற்கும் சலித்துக்கொள்ளவில்லை. தொட்டியில் இருந்த ஆரஞ்சு வரி மீனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தாள், தீனி வைத்தால் முறைத்துக்கொண்டே தின்னுமாம். "உன் பொண்டாட்டி கடலையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டாடா. நீ ஒரு பக்கெட் தண்ணிய சிந்தாம தூக்கிருக்கியா?" என்பாள். என் மனைவியைப் பற்றிச் சிரித்துப் பேச உலகத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

அக்கா மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். கரண்ட் போனால் அம்மா என்ன செய்வாள் என்று பயந்து, இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி அனுப்பினாள். அதை மாட்ட வந்தவர்தான் இந்த எலக்ட்ரீஷியன். அக்கா அறைக்கு லைன் இழுக்கத் தயாரானார். கூடத்துக்கு இழுங்கள் என்று நான் சொன்னேன்.

"அம்மா மெஷினுக்குன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

"அதுக்கு வேற ஏற்பாடு இருக்கு. நீங்க இங்க போடுங்க" என்றேன்.

வேற ஏற்பாடு என்றது ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டரை. இரண்டேகால் மணி நேரத்துக்கு வரும். எங்கள் தெருவில் அதற்குமேல் கரண்ட் போனதே இல்லை. தொட்டியில் பம்பு நின்றால் தண்ணீர் அசையாது, தண்ணீர் அசையாவிட்டால் பவளம் மூச்சு முட்டும். இரண்டையும் ஒரே பேட்டரியில் போட்டால் இரண்டும் பாதியில் நிற்கும். அன்று இது எனக்கு நியாயமாகவே பட்டது. அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை.

புயல் அடித்த அன்று காலை ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது. சிலிண்டரைத் திறந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, வர மத்தியானம் இரண்டு மணியாவது ஆகும் என்றார்கள். சிலிண்டர் கடைக்காரர் போனை எடுக்கவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்குச் சிலிண்டர் தீர்ந்தது. அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்தேன், முதுகைத் தடவினேன், விசிறினேன். உதடு நீலமானது. இதையெல்லாம் உங்கள் ஆட்களிடம் முன்பே சொல்லியிருக்கிறேன், எல்லாம் உண்மை.

சொல்லாமல் விட்டது ஒன்று. மெஷினும் தொட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் இழுக்கும். பேட்டரி ஒன்றை மட்டும் ஐந்து மணி நேரம் ஓட்டும். சிலிண்டர் தீர்ந்தபோது அதில் பாதிக்கு மேல் இருந்தது, இரண்டு இருபது வரை தாங்கியிருக்கும். ஆம்புலன்ஸ் வந்தது இரண்டு பத்துக்கு. மெஷினுக்குச் சக்கரம் உண்டு. கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகப் பன்னிரண்டு காலடிதான். நான் எழுந்து கூடம் வரை போனேன். பவளம் முழுதாக விரிந்திருந்தது. பிளக்கில் கை வைத்தேன். பிறகு திரும்பி வந்து அக்காவுக்கு விசிறினேன்.

அவள் போனது ஒரு மணிக்குச் சற்று முன்பு. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். அவர்கள் கண்ணெதிரேதான் பம்பு நின்றது. நாலு மணிக்குக் கரண்ட் வரும்வரை குவளையில் தண்ணீரை மொண்டு மொண்டு தொட்டியிலேயே ஊற்றினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து ஒருவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அப்படி ஊற்றினாலே போதும், தண்ணீருக்குக் காற்று சேரும், பவளம் பிழைத்துக்கொள்ளும். ஒன்றும் சாகவில்லை. குவளை விஷயம் எனக்குக் காலையிலேயே தெரியும், ஐயா.

அக்கா மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா அம்மாவ யார் பாத்திருப்பா மாமா?" என்றாள். பேட்டரி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எலக்ட்ரீஷியன்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். மட்டமான பேட்டரியை வாங்கி அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று தன்னையும் திட்டிக்கொள்கிறாள். பேட்டரி நல்ல பேட்டரி. அதை அவளிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அக்கா என்ன பேசினாள் என்று எழுதிக்கொள்வீர்கள் அல்லவா? கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"தண்ணி சத்தம் கேக்குதுடா. கரண்ட் வந்துருச்சா?"

"இல்லக்கா, மழை" என்றேன்.

பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள். "அப்ப சரி. நல்லா பெய்யட்டும்" என்றாள்.

அவள் என்னை நம்பித்தான் போனாள். இத்தனை நாளாக எனக்கு இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். மழை பதினோரு மணிக்கே விட்டுவிட்டது. அவள் தலைமாட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. முகத்தில் வெயில் விழுகிறதே என்று நான்தான் என் உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.