மாதாவின் கன்னத்துக் கோடு

லிண்டன் மரம் வெண்ணெய் மாதிரி. உளி வைத்தால் எந்தப் பக்கமும் இணங்கிப் போகும். அதோடு பழகுகிறவனுக்குக் கோபமே வராது என்று என் மனைவி வால்புர்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். உண்மைதான் ஐயா. அன்றைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆயர் உங்களை அனுப்பியது அற்புதத்தை விசாரிக்க. எங்கள் கோவில் பீடத்தில் நான் செதுக்கிய மாதாவின் கண்ணிலிருந்து தாடைவரை கண்ணீர்க் கோடு தானாக விழுந்துவிட்டதாம். மைன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்தெல்லாம் சனங்கள் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள். தன் தம்பி செத்ததற்குத்தான் மாதா அழுகிறாள் என்று வால்புர்காவும் நம்புகிறாள். பாவம், நம்பட்டும்.

அந்தத் தம்பி கிலியான் சிலைகளுக்கு வண்ணம் பூசுகிறவன். சிரித்த முகம். எங்கள் ஊரில் மரம் எங்கள் சங்கத்துக்கு, சுண்ணமும் வண்ணமும் அவர்கள் சங்கத்துக்கு. செதுக்குகிறவன் தூரிகையைத் தொட்டால் அபராதம். எனக்கு வண்ணத்தின் மேல் பகை ஒன்றும் கிடையாது. வெறும் மரமே அழகு, அது எதையும் மறைக்காது என்பது என் கட்சி. கோவில் பெரியவர்களுக்குத் தங்கமும் சிவப்பும் வேண்டியிருந்தது.

கிலியான் வண்ணச் சட்டிகளோடு வந்து பீடத்தில் ஏறினான். மாதாவின் கன்னத்தை விரலால் தடவினான்.

"என்ன மாமா இது? முதுகைக் குடைஞ்சவரு தலைப்பக்கம் மரத்தோட நடுத்தண்ட எடுக்காம விட்டு விரிசல் விழ வச்சுட்டீங்களா? நேத்து வேலைக்குச் சேந்த பயகூட இப்படிப் பண்ண மாட்டானே."

"அது மரத்தோட ரேகைடா மாப்ளே."

"ரேகையா? என் நகமே உள்ள போவுது. சரி விடுங்க, கொஞ்சம் சுண்ணப்பொடி, கொஞ்சம் பசை, மேல ரோஜா நிறம். உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

நல்ல மனசுக்காரன். அவனுக்கும் தெரியும் என்று அவனே சொன்னதைக் கவனித்தீர்களா?

அன்று சாப்பாட்டில் தட்டை அக்காவிடம் நீட்டினான். "அக்கா, இன்னொரு வாத்துக்கால் போடு. உன் வீட்டுக்காரரு மானம் என் கையிலதான இருக்கு."

"அப்படி என்னடா பெருசா பண்ணிட்ட?" என்றாள் அவள்.

"அத மாமாகிட்டயே கேளு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அடுத்த திருநாளுக்கும் வருவான், அதற்கடுத்த திருநாளுக்கும் வருவான், தட்டை நீட்டுவான் என்று எனக்குத் தோன்றியது.

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது அவன் பழக்கம். விட்டுத் தொலை என்று நானே பலமுறை கண்டித்திருக்கிறேன். அவனுடைய சுண்ணப்பொடியில் எலிப்பாஷாணத்தைக் கலந்தேன். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மாதாவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த யோவான் சிலையிலிருந்து ஆரம்பித்தான். யோவானின் அங்கி முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கெட்டுப்போன மீனைத் தின்றிருப்பான் என்றார் வைத்தியர். சவப்பெட்டிக்கு நல்ல பலகையாகப் பார்த்து நானே இழைத்தேன். யோவான் மேலிருந்த வெள்ளையையும் பொறுமையாகக் கழுவி எடுத்தேன். அபராதம் போடுவார்களோ என்று கொஞ்சம் பயமாக இருந்தது.

பனிக்காலம் வந்ததும் வண்ணம் பூசாமல் நின்ற மாதாவின் கன்னத்தில் கோடு அகன்றது. பூசையில் யாரோ ஒரு கிழவி 'மாதா அழுவுறா' என்று முழங்காலிட்டாள். எல்லோரும் முழங்காலிட்டார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்களோடு முழங்காலிட்டேன், அவ்வளவுதான்.

இவ்வளவையும் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் நியூரன்பெர்க்கிலிருந்து வண்ணக்காரனை வரவழைத்து, அந்த இடத்தைச் சுண்ணத்தால் அடைத்து, மேலே கண்ணீராகப் பளிங்குத் துளி பதிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். வருகிறவனும் கன்னத்தைத் தடவுவான். நகத்தை உள்ளே விடுவான்.

என்னைத் தூக்கில் போடுங்கள், குறையில்லை. கன்னத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அது விரிசல் இல்லை ஐயா. மாதா அழட்டும் என்று நான்தான் அப்படிச் செதுக்கினேன்.