எஞ்சின் நின்ற பிறகும் ஓடிய பம்ப்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியபடி சரி. வயது நாற்பத்தொன்று. தண்ணீர்த் தொட்டித் தெருவில் மாடி வீட்டில் குடியிருந்து தையல் வேலை செய்கிறேன். கார் தீப்பிடித்து இறந்துபோனவர் என் கணவர், வாடகைக் கார் ஓட்டுநர். "நான்தான் கொன்னுட்டேன்" என்று நேற்று உங்களிடம் சொல்லிவிட்டு இந்த போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் என் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பைத்தியக்காரன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மீதியையும் எழுதிக்கொள்ளச் சொல்லவே வந்தேன்.

அந்தக் காரில் பின் சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்குள்ளே, மின்சாரத்தில் ஓடும் பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் 'ம்ம்ம்' என்று கொஞ்ச நேரம் ஓடும். "உங்க வண்டி தொண்டையைச் செருமுது, கச்சேரி ஏதும் உண்டா?" என்று அவரைக் கேலி செய்வேன். ரிலே என்ற சின்னப் பெட்டி வழியாகத்தான் பம்புக்கு மின்சாரம் போகும் என்பதும், எஞ்சின் நின்றால் அது மின்சாரத்தை வெட்டிவிடும் என்பதும் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டவை.

சம்பவத்துக்கு முதல் நாள் ரிலே கெட்டு, கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. தம்பி வந்தான். உதிரிபாகக் கடை பூட்டியிருந்ததால் ரிலேவைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்தான். அதன் பிறகு என் எதிரிலேயே சொன்னான்: "மாமா, இது வீடு போய்ச் சேர மட்டும்தான். எங்கயாவது இடிச்சா எஞ்சின் நின்னாலும் பம்பு நிக்காது, பெட்ரோலைத் தள்ளிக்கிட்டே இருக்கும். சாவியை நீங்கதான் அணைக்கணும். காலைல நானே வந்து மாத்தறேன், அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க." அதற்கு இவர், "சும்மா பயமுறுத்தாதடா, நான் என்ன கண்ண மூடிக்கிட்டா ஓட்டறேன்?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை, "பாவம், அவன் எதுக்கு அலையணும், நாமளே பட்டறைக்குப் போயிடலாம்" என்று அவரே வண்டியை எடுத்தார். நானும் ஏறினேன். முன்னால் போன தண்ணீர் லாரி சட்டென்று நிற்க, எங்கள் கார் அதன் பின்பக்கத்தில் செருகிக்கொண்டது. எஞ்சின் நின்றது. பின் சீட்டுக்கு அடியில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பெட்ரோல் நெடி கார் முழுக்கப் பரவியது. அவருடைய கால்களும் ஒரு கையும் மாட்டிக்கொண்டன. நசுங்கிய ஸ்டீயரிங்குக்கு உள்ளே சாவி போய்விட்டது. "சாவியை அணை, பம்பு ஓடுது" என்றார். கையை உள்ளே விட்டேன். விரல் நுனி சாவியில் பட்டது, திருப்ப முடியவில்லை. அதற்குள் முன்பக்கம் குப்பென்று பற்றிக்கொண்டது. கல்யாணமான நாள் முதல் என்னை 'டி' போட்டுப் பேசாத மனுஷன், "போடி அந்தப் பக்கம்" என்று கத்தி, விடுபட்டிருந்த ஒரு கையால் என்னை வெளியே தள்ளினார்.

அதன் பிறகு தம்பி ஓடி வந்தான். சொன்னபடி எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறான். புது ரிலே அவன் கையில் இருந்தது. இப்போதும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

வீட்டில் பிரிட்ஜ் ஓடினாலும் அதே சத்தம் கேட்கிறது. அணைத்து வைத்திருக்கிறேன். ஒருத்தரைத் தீ கொண்டுபோய்விட்டது ஐயா, இன்னொருத்தனையும் விட்டுக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். 'இறந்த நபர்' என்று இருந்த இடங்களில் 'என் கணவர்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றபடி நான் சொன்னதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. சாவியைத் தொட்ட கையில் கட்டு இருப்பதால், இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன்.