மணியின் காது

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் கணவரிடம் சத்தமாகச் சொன்னாள்: "நம்ம மணி காதுல மண்ணெண்ண ஊத்துனீங்கன்னா, உங்க காதுலயும் ஊத்துவேன் மாமா."

அவள் மடியில் ஒரு மருந்து பாட்டில் இருந்தது.

"எங்கப்பா வளத்த நாய்ங்களுக்கெல்லாம் அதான்டி ஊத்துனோம்."

"அதுங்களுக்குக் காது கேட்டுச்சான்னு யாரு பாத்தா? நேத்து லைட் அடிச்சுப் பாத்த மாட்டாஸ்பத்திரி டாக்டரு இதத்தான் ஊத்தச் சொன்னாரு. ஊத்திட்டு காதடிய மெதுவா அமுக்கி வுடணும். அது தலைய ஒதறும். வெளிய வர்ற அழுக்கப் பஞ்சால தொடச்சா போதும்."

"பட்ஸ் வுட்டு நோண்டுனா ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"உள்ள எதையும் வுடக்கூடாதுன்னாரு. ஜவ்வு கிழிஞ்சிருமாம்."

"வூடெல்லாம் அது காது நாத்தம்டி. ஏரிக்கரையில கொண்டுபோயி வுட்டுட்டு வர்றேன்."

அவள் குரல் உயர்ந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வெளிநாட்டுல இருந்த மூணு வருசமும் எனக்குத் தொணையா இருந்தது அந்த நாய்தான். நாத்தம் தாங்கலன்னா நீங்க வாசல்ல படுங்க. மணி உள்ளதான் படுக்கும்."

பஸ் குமராட்சியைத் தாண்டியது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி நாளைக்கு?"

"பத்து நாளு."

"அப்ப எறங்குனதும் கொசுவத்தி வாங்கணும்."