அரக்குப் புடவைக்கு வந்த கமெண்ட்

அகிலா: போனை வெச்சிடாதீங்கக்கா. ரெண்டே நிமிஷம்.

மஹாலட்சுமி: அதான் எல்லாத்தையும் எழுதிட்டேனே. இன்னும் என்ன பேசணும்?

அகிலா: நான் காஞ்சிபுரத்துல இருந்து அகிலா...

மஹாலட்சுமி: தெரியுது. 'அகிலா பட்டுப்புடவை'ன்னு பேரு வருதுல்ல. யார் போனையும் எடுக்கறதில்ல நான் இப்ப. உன் பேரப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். கேக்கறதக் கேளு.

அகிலா: எங்க பேஜ்ல போட்டிருக்கீங்களேக்கா... 'வீடியோவுல காட்டினது அரக்கு, வந்தது வேற கலரு, திருச்சியில இருந்து நம்பி வாங்கி ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீங்க'ன்னு...

மஹாலட்சுமி: நான் எழுதினத எனக்கே படிச்சுக் காட்டறியா?

அகிலா: இல்லக்கா... அஞ்சு நாளு ஆவுது அது வந்து. அதப் பாத்துட்டு நாலு பேரு ஆர்டர் வேணாம்னுட்டாங்க.

சிவராஜ்: நாலு இல்ல. காலையில கோயம்புத்தூரம்மாவும் வேணாம்னுட்டாங்க. அஞ்சு.

மஹாலட்சுமி: யாரது பக்கத்துல?

அகிலா: எங்க வீட்டுக்காருக்கா, சிவராஜ். தறியில உக்காந்துக்கினு இருக்காரு. உங்க புடவைய நெய்ஞ்சதே அவருதான்.

மஹாலட்சுமி: ...ஓ.

சிவராஜ்: ஸ்பீக்கர்ல போடு. நான் கேக்கறேன்.

அகிலா: போட்டாச்சு. சும்மா இருப்பா கொஞ்ச நேரம்.

சிவராஜ்: இன்னா சும்மா இருக்கறது? பதினெட்டு நாளு நெய்ஞ்சேன். பார்டர உடலோட சேக்க நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உக்காந்து கோர்வை போட்டோம். அவ்ளோ நாளு கண்ணு முன்னால கெடந்தது, கலரு வேறன்னா எனக்குத் தெரியாதா?

அகிலா: தெரியும்பா. நான் பேசிக்கினு இருக்கேன்ல... அக்கா, இருக்கீங்களா?

மஹாலட்சுமி: இருக்கேன்.

அகிலா: ஒரு வருஷமா எங்க பேஜ்ல மொத லைக் உங்களுதுதான். முந்நூறு பேரு இருந்தப்பவே நீங்க இருந்தீங்க. ஒருக்கா லைவ்ல பாப்பா அழற சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் விலை கேட்டுக்கினு இருந்தாங்க. நீங்க மட்டும், 'போய்ப் பிள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு வாம்மா, புடவை எங்கயும் ஓடிடாது'ன்னு எழுதினீங்க.

மஹாலட்சுமி: இப்ப எதுக்கு அதெல்லாம்...

அகிலா: இந்தப் புடவையையே ஒரு மணி நேரம் வீடியோ கால்ல பாத்தீங்க. வீட்டுக்குள்ள லைட்டு மஞ்சளா அடிக்குதுன்னு மாடிக்குத் தூக்கிக்கினு போனேன். வெயில்ல விரிச்சேன். பின்னால தெரியறது ஏகாம்பரநாதர் கோபுரமா, கொஞ்சம் திருப்பிக் காட்டுன்னீங்க. திருப்பினேன். அப்புறம் உங்க சத்தமே வரல. லைன் போயிடுச்சோன்னு பாத்தா, கும்பிட்டுக்கினு நிக்கறீங்க. பார்சல் வந்தன்னிக்கு வாய்ஸ் மெசேஜும் போட்டீங்க. 'அரக்குன்னா இதாம்மா அரக்கு, என் பொண்ணு துர்கா கட்டினா லட்சணமா இருக்கும்'னு.

மஹாலட்சுமி: அது லைட்டு வெளிச்சத்துல பாத்தது. மறுநாள் பகல்ல பாத்தா வேற மாதிரி இருந்துச்சு.

அகிலா: எப்படி வேற மாதிரி? கருப்படிச்சாப்பல தெரிஞ்சுதா, செவப்பா தெரிஞ்சுதா?

மஹாலட்சுமி: ...செவப்பா.

சிவராஜ்: செவப்பா? சரி, திருப்பி அனுப்பச் சொல்லு. வேற எடுத்துக்கட்டும்.

அகிலா: அனுப்பிடுங்கக்கா. கொரியரு எங்க பொறுப்பு.

மஹாலட்சுமி: வேணாம்.

அகிலா: மாத்தப் பிடிக்கலன்னா பணமாவே...

மஹாலட்சுமி: வேணாங்கறேன்ல. புடவை இங்கயே இருக்கட்டும்.

அகிலா: கலரு வேறன்னு சொல்லிட்டு, எதுக்குக்கா அதையே வெச்சுக்கறீங்க?

மஹாலட்சுமி: ஏம்மா, நீ புடவைக்காரியா, வக்கீலா? குறுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்க?

அகிலா: கோவிச்சுக்காதீங்கக்கா. இருபத்தேழாந் தேதி முகூர்த்தம்னீங்க. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்குது. மாத்தறதுன்னா இன்னிக்கே அனுப்பினாத்தானே...

மஹாலட்சுமி: முகூர்த்தம் இல்ல.

அகிலா: அக்கா?

மஹாலட்சுமி: தள்ளி வெச்சாச்சு. முகூர்த்தப் புடவையே இப்படி வந்தா அபசகுனம்னு... தள்ளி வெச்சாச்சு.

சிவராஜ்: எங்க புடவையாலயா?

அகிலா: நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா.

சிவராஜ்: நான் எங்கயும் போவல. போனைக் குடு... அம்மா, நான் சிவராஜ் பேசறேன். எங்கப்பா காலத்துல இருந்து எவ்ளோ கல்யாணத்துக்கு இந்தத் தறியில இருந்து புடவை போயிருக்குதுன்னு கணக்கே இல்ல. ஒரு குத்தம் சொன்னது இல்லமா யாரும். என் கையால நெய்ஞ்சதால ஒரு பொண்ணு கல்யாணம் நின்னுச்சுன்னா... நான் திரும்ப எப்படிமா இதுல உக்கார்றது?

மஹாலட்சுமி: ஐயோ... தம்பி...

சிவராஜ்: என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கே பஸ் ஏறி வரேன். பொண்ணு கிட்டயே மன்னிப்பு கேட்டுக்கறேன்.

மஹாலட்சுமி: வேணாம்ப்பா. அப்படியெல்லாம் பேசாத... உன் புடவை நல்ல புடவை. ஒரு குறையும் இல்ல அதுல.

சிவராஜ்: பின்ன?

அகிலா: அக்கா, மெதுவா சொல்லுங்க. நாங்க இருக்கோம்.

மஹாலட்சுமி: அந்தப் பையன்... ஏற்கெனவே ஒரு பொண்ண ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணியிருக்கான்மா. அவங்க வீட்டுக்கே தெரியாதாம். நாங்க பத்திரிகை எல்லாம் குடுத்து முடிச்ச அப்புறம், அந்தப் பொண்ணு வந்து எங்க வாசல்ல நிக்குது. கையில சர்ட்டிபிகேட்டு. அதும் பாவம், பேசவே முடியல அதுக்கு.

சிவராஜ்: அட கடவுளே.

மஹாலட்சுமி: இருநூறு வீட்டுக்குப் பத்திரிகை வெச்சிருக்கோம். ஏன் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு போன் மேல போன். என் நாத்தனார் நேரா வீட்டுக்கே வந்துட்டா. கட்டில் மேல இந்தப் புடவை கெடந்துச்சு. கண்ணுல அது பட்டுச்சு, வாயில அது வந்துருச்சு. புடவை சரியில்ல, மனசுக்கு ஒப்பல, தள்ளி வெச்சிருக்கோம்னு சொல்லிட்டேன். உடனே அவ, 'எந்தக் கடை, சும்மா விடாத, எழுது அண்ணி'ன்னா. நான் எழுதி முடிக்கற வரைக்கும் தோள் பக்கத்துலயே நின்னா.

அகிலா: ம்...

மஹாலட்சுமி: நல்லவங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்னு தெரியும்மா. தினம் போனை எடுத்து எடுத்துப் பாப்பேன். உன் பேஜ்ல யார் யாரோ வந்து திட்டியிருப்பாங்க. மூடி வெச்சிருவேன்.

சிவராஜ்: அகிலா... அழ வேணாம்னு சொல்லு அவங்கள.

அகிலா: கமெண்டு அப்படியே இருக்கட்டும்க்கா. நான் கீழ ஒரு ரிப்ளை போட்டுடறேன். 'சாயத்துல எங்க தப்புதான், மன்னிச்சிடுங்க'ன்னு. உங்க நாத்தனாரு பாக்கட்டும். சொந்தக்காரங்க யாரு கேட்டாலும் அதையே காட்டுங்க.

மஹாலட்சுமி: உனக்கென்ன பைத்தியமா? அஞ்சு பேரு போயிட்டாங்கன்னியே.

அகிலா: போனவங்க போயிட்டாங்க. வேற ஆளுங்க வருவாங்க.

சிவராஜ்: சாயம்னு போடாத. வீராசாமி அண்ணன் என்ன பாவம் பண்ணாரு? நாளைக்கு அவருகிட்ட எவனும் சாயம் போட வர மாட்டான்.

அகிலா: அப்ப என்ன போடறது?

சிவராஜ்: வீடியோ எடுத்தது சரியில்லன்னு போடு.

அகிலா: வீடியோ எடுத்தது நானு.

சிவராஜ்: அதான் சொல்றேன்.

மஹாலட்சுமி: ...இந்த நேரத்துலயும் சிரிக்க வைக்கறீங்களே ரெண்டு பேரும்.

அகிலா: சிரிங்கக்கா. சொல்லுங்க, அப்படியே போட்டுடட்டுமா?

மஹாலட்சுமி: வேணாம். ஒரு பொய்ய சொல்லிட்டு அஞ்சு நாளா சோறு எறங்கல. அதுக்கு நீ வேற ஒண்ணு சொல்ல வேணாம். இரு... இத எப்படி அழிக்கறது? எழுதத் தெரிஞ்சுச்சு, அழிக்கத் தெரியல.

அகிலா: நெஜமாத்தான் சொல்றீங்களா? நாத்தனாரு கேப்பாங்களே.

மஹாலட்சுமி: கேட்டா உள்ளதச் சொல்றேன். ஏமாத்தினவன் அவன். நான் ஏன் ஒளியணும்? சொல்லு, எங்க அமுக்கணும்?

அகிலா: நீங்க எழுதினது மேல விரல வெச்சு அமுக்கிப் பிடிங்க... அழிக்கவான்னு கேக்கும்.

மஹாலட்சுமி: கேக்குது... போயிருச்சு.

சிவராஜ்: ரொம்ப நன்றிம்மா.

மஹாலட்சுமி: எனக்குப் போய் நன்றி சொல்றியேப்பா...

அகிலா: அக்கா, துர்கா எப்படி இருக்கா?

மஹாலட்சுமி: தெரியலம்மா.

அகிலா: ஒரே வீட்டுல இருந்துக்கினு தெரியலன்னா?

மஹாலட்சுமி: அவ ஆரம்பத்துலயே வேணாம்னா. 'அந்தப் பையன் என் கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறான்மா'ன்னா. நான்தான், வெக்கப்படறான்டீ, நல்ல வேலை, நல்ல குடும்பம், உனக்கென்ன தெரியும்னு வாய அடைச்சேன். ஊரு பேசறதக் கூட தாங்கிக்குவேன். அவ மூஞ்சியப் பாக்க முடியல என்னால. அவ கூப்பிட்டாலும் பதில் சொல்ல முடியல.

அகிலா: அவ ஏதாவது சொன்னாளா, உங்க மேல தப்புன்னு?

மஹாலட்சுமி: சொல்லலியே. சொல்லிட்டாக்கூடத் தேவலை... சரிம்மா, பிள்ளை தேடப் போவுது உன்னை. நீ கூப்பிட்ட காரியம்தான் முடிஞ்சுருச்சே. இன்னும் ஏன் லைன்லயே இருக்க?

அகிலா: கமெண்ட எடுக்கச் சொல்லிக் கூப்பிடலக்கா. அது இவரா நெனச்சுக்கினது, நானும் சொல்லல. காலையில துர்கா எனக்கு மெசேஜ் போட்டிருந்தா. நடந்தது எல்லாத்தையும் எழுதியிருந்தா. 'அம்மா நாலு நாளா ரூமைச் சாத்திக்கிட்டு இருக்காங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. நீங்க கூப்பிட்டா சண்டை போடறதுக்காவது வாயத் திறப்பாங்க. எனக்கு அவங்க மேல கோவமே இல்லக்கா, அத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நீங்க பேசறப்ப நான் கதவுக்கு வெளியிலயே உக்காந்திருப்பேன்'னு. இப்பவும் உங்க கதவுக்கு வெளியிலதான் உக்காந்துக்கினு இருக்கா. போய்த் திறங்கக்கா.