ராத்திரி இல்லாத வயல்

எண்பதுகளின் கடைசி, தை மாசம். மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு ரைஸ்மில்காரரும் கீழத்தஞ்சை விவசாயி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வயலுக்கு ராத்திரியே இல்லீங்க” என்றார் விவசாயி.

“என்னங்க சொல்றீங்க?”

“பக்கத்துல கேஸ் கிணறு போட்டாங்கள்ல, கொண்டுபோகக் குழாய் இன்னும் வரல. வர்ற கேஸை ராவும் பகலும் கொளுத்தி விடுறாங்க. ராவுல வெளிச்சம் பட்டா சம்பா கதிர் விடாதுங்க.”

“நாட்டுக்கு நல்லதுன்னாங்களே?”

“இருக்கட்டுங்க. ஊரே அறுத்தாச்சு. எனக்கு ஒத்தை நெல்லு இல்ல.”

“மாட்டுக்காவது அறுத்துப் போடுங்க.”

பஸ் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியது. விவசாயி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அரிவாளோட போயிட்டு, மனசு வராம திரும்பிட்டேங்க. இன்னும் பொழுது சாயலன்னு நெனச்சுக்கிட்டு, பச்சைப்பசேல்னு நிக்குது.”